கொலை என்று பெயர் வைத்த சாவு

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடிவரும் உறவினர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி "பிழைச்சுக்குவாளா?" என்பது. அடுத்த கேள்வியைக் குரல் தாழ்த்திக் கேட்பார்கள்: "போலீஸ் கேஸ் ஆகுமா, சார்?" ஆகும் என்ற பயத்தில் நடந்ததை மாற்றிச் சொல்வார்கள். தெரியாம நடந்துபோச்சு, கால் தவறிடுச்சு, நாள்பட்ட வயித்துவலி. டாக்டருக்கு உண்மை தெரிந்தால்தான் சரியான சிகிச்சை. உண்மையைச் சொன்னாலோ எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்ட வழக்குப் பதிவேடு, காவல் நிலையம், வாக்குமூலம். உயிருக்குப் போராடும் ஒருத்தியின் தலைமாட்டில் நின்று பெற்றவர்களே பொய் சொல்லவேண்டிய நிலையை ஒரு சட்டம் 160 ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் வைத்திருந்தது.

அந்தச் சட்டம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2024 ஜூலை 1ஆம் தேதி அது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பிரிவு எதைத் தண்டித்ததோ அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. தற்கொலை.

தன், கொலை என்ற இரண்டும் சேர்ந்து தற்கொலை. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது போன்ற பழைய புணர்ச்சிதான். தற்காப்பு, தற்பெருமை, தற்செயல் எல்லாம் இதே அச்சில் வந்தவை. இல்லறத்தாளைப் பற்றிப் பேசும் குறளிலேயே 'தற்காத்து' வந்துவிடுகிறது. ஆகவே முன்பாதியில் சிக்கல் இல்லை. பின்பாதியைப் பாருங்கள். ஒருவர் உயிரோடு இல்லாமல் போவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: சாவு, இறப்பு, மறைவு, மாய்வு, துஞ்சுதல், காலமாதல். இவை எதிலும் குற்றவாளி என்று ஒருவர் கிடையாது. கொலை என்ற மாத்திரத்தில் கொன்றவன் ஒருவனும் கொலையுண்டவன் ஒருவனும் வந்துவிடுகிறார்கள். தற்கொலை என்ற சொல் அந்த இருவரையும் ஒரே உடம்பில் வைக்கிறது. உயிர் போய்விட்டால் இருவரும் போய்விடுகிறார்கள். பிழைத்துக்கொண்டவரோ கொலைகாரர் என்ற பாதியை மட்டும் சுமந்துகொண்டு மிஞ்சுகிறார். சட்டம் நீட்டிய கை பிடித்தது அந்தப் பாதியைத்தான்.

சங்கப் பாடல்கள் இதற்கு வைத்திருக்கும் சொற்கள் வேறு. தன் மக்களோடு பகைகொண்டு மனம் வெறுத்த கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். கண்டிராத நட்புக்காகப் பாண்டிநாட்டிலிருந்து வந்த பிசிராந்தையாரும் உடனிருந்தார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட நாணத்தால் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். நண்பன் பாரியின் மகளிரை மணம் முடித்துக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. இருத்தல், புகுதல், நீத்தல், துறத்தல் என்று வினைச்சொற்களே பெயர்களாக நின்றன. கொல் என்ற வேர் அங்கே வரவில்லை. வள்ளுவரின் 327ஆம் குறள் இன்னும் நுட்பமானது. தன் உயிர் போவதற்கு 'நீப்பு' என்ற சொல்லும், பிற உயிரைப் போக்குவதற்கு 'நீக்கு' என்ற சொல்லும் ஒரே குறளுக்குள் நிற்கின்றன. பகரம் ககரமாவதுதான் மாற்றம். தன்னைவிட்டுப் போவதும் பிறரைப் போக்குவதும் ஒன்றல்ல என்பதை அந்த மாற்றம் காட்டிக்கொடுக்கிறது.

சமணர்கள் தனிச்சொல்லே வைத்திருந்தார்கள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது. அந்த இடத்துக்கு அங்கே பொறித்திருக்கும் பெயர் நிசீதிகை. அந்த நோன்பையே சல்லேகனை என்றும் வடக்கில் சந்தாரா என்றும் சொல்கிறார்கள். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலை என்று கொண்டு, 309இன் கீழ் தண்டிக்கத்தக்கது என்றது. அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒரு நோன்பு திடீரென்று குற்றமாவதற்கும் சில வாரங்களில் மீண்டும் நோன்பாவதற்கும் காரணம், தற்கொலை என்றால் என்ன என்று 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் எங்குமே வரையறுக்காததுதான். பெயரைச் சொன்னது, பொருளைச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் அந்தப் பெயருக்குள் தள்ள முடிந்தது.

வடக்கிருந்த அரசர்களைப் பெருமைப்படுத்த இதையெல்லாம் எழுதவில்லை. மானம் போனதற்காக ஒருவர் இறக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்கு வேண்டாம். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடமும் கடன்பட்ட விவசாயியிடமும் அந்த எண்ணம்தான் இன்றும் வந்து நிற்கிறது. நான் காட்ட விரும்புவது, அந்தச் சாவுகளைப் பேசிய மொழியில் வழக்கு இல்லை என்பது மட்டுமே. அதே நேரம், தண்டனை என்பதே வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கியது என்றும் சொல்லிவிட முடியாது. காமத்தாலோ கோபத்தாலோ தன்னை மாய்த்துக்கொண்டவரின் உடலை அரச வீதியில் இழுத்துச் செல்லவேண்டும், ஈமச்சடங்கு கூடாது என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. வடமொழிச் சொல்லும் கடுமையானதே: ஆத்மஹத்யா. பிராமணனைக் கொன்ற பாவத்துக்கு பிரம்மஹத்தி என்று பெயர். அதே ஹத்திதான் இங்கும். மணிப்பிரவாள நடையில் எழுதிய நம்மவர்களும் ஆத்மஹத்தி என்று எழுதினார்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் அந்தச் சொல்தான் வழக்கு. தமிழ் மட்டும் தன் சொந்த வேர்களில் ஒரு சொல்லை அமைத்துக்கொண்டது. வேர் தமிழானது, குற்றம் அப்படியே தங்கிவிட்டது.

ஐரோப்பாவில் இந்தக் கதை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்ற நூலில், கொலை செய்யாதே என்ற கட்டளை தன்னையும் சேர்த்தது என்று வாதிட்டார். திருச்சபை அதை ஏற்றது. இங்கிலாந்தின் பொதுச் சட்டம் அங்கிருந்து 'ஃபெலோ டி சே' என்ற பெயரை உண்டாக்கியது. தனக்கு எதிராகத் தானே பெருங்குற்றம் புரிந்தவன் என்று பொருள். பெருங்குற்றம் என்றால் சொத்துப் பறிமுதல் உண்டு. இறந்தவனின் உடைமைகள் மன்னருக்குப் போயின. மனைவி மக்கள் தெருவில் நின்றார்கள். உடலை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823 வரையிலும், சொத்துப் பறிமுதல் 1870 வரையிலும் சட்டத்தில் இருந்தன. இன்று ஆங்கிலத்தில் புழங்கும் 'சூயிசைட்' என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில்தான் அந்த மொழிக்குள் வருகிறது. லத்தீனில் தன்னை என்பதையும் கொல்லுதல் என்பதையும் ஒட்டிச் செய்த சொல் அது. தமிழ்ச் சொல்லின் அமைப்பும் அச்சாக அதேதான். ஆங்கிலத்தார் அதோடு 'கமிட்' என்ற வினையைச் சேர்த்துச் சொல்கிறார்கள். திருட்டையும் கொலையையும் சொல்லும்போது வருகிற வினை அது. அதனால் அங்கே வினையை மாற்றினால் பாதிக் கறை போய்விடும். தமிழில் வினை மென்மையானது. 'செய்துகொண்டார்' என்பதில் உள்ள 'கொள்' தனக்குத்தானே என்பதைத்தான் சொல்கிறது. நம் கறை பெயரில் இருக்கிறது.

இந்தியாவுக்கு மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் தண்டனைச் சட்டத்தின் வரைவை எழுதியது. 1860இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்தது. உயிருக்கு எதிரான குற்றங்கள் என்ற வரிசையில் 307 கொலை முயற்சி, 308 கொலைக் குற்றமாகாத மரணம் விளைவிக்கும் முயற்சி, அடுத்து 309. அயலானைக் கொல்லப் போனவனுக்கும் வாழ முடியாமல் துடித்தவளுக்கும் சட்டப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து இடம். ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். செய்து முடித்தால் தண்டனை இல்லாமலும், தவறிப்போனால் தண்டனையோடும் இருந்த விந்தையான குற்றம் இது.

அந்தச் சட்டம் இந்தியாவோடு நிற்கவில்லை. தமிழர்கள் கப்பலேறிப் போன நாடுகளுக்கெல்லாம் அதுவும் கப்பலேறிப் போனது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே 309 என்ற எண்ணோடு இருந்தது. இலங்கையின் தண்டனைக் கோவையில் 302. கொலைக்கு நாம் சொல்லிப் பழகிய 302, இலங்கையில் தற்கொலை முயற்சிக்கான எண்ணாக இருந்தது. தமிழ் பேசும் மக்கள் திரளாக வாழும் இந்த நான்கு நாடுகளிலும், உயிர் பிழைத்தவர் கண்விழிக்கும்போது கட்டிலருகே ஒரு போலீஸ்காரர் நிற்கலாம் என்ற பயம் பொதுவாக இருந்தது. இச்சட்டத்தை ஈன்ற இங்கிலாந்து 1961இல் தன் வீட்டில் அதைக் கைவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் இல்லை. மலேசியா 2023இல் நீக்கியது. தண்டனையை எடுத்துவிட்டால் சாவு பெருகிவிடும் என்று சொன்னவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். 1990களின் நடுவில் உலகின் மிக அதிகமான தற்கொலை விகிதங்களில் ஒன்று அந்தத் தீவில்தான். அடுத்த பத்தாண்டில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியை அரசு படிப்படியாக நிறுத்தியது அதற்குப் பெரிய காரணம். சிறை அதற்குக் காரணமே அல்ல.

இந்தியாவில் மட்டும் நீதிமன்றங்களும் ஆணையங்களும் ஐம்பது ஆண்டுகள் முன்னும் பின்னும் நடந்தன. 1971இல் சட்ட ஆணையத்தின் 42ஆவது அறிக்கை நீக்கச் சொன்னது. 1978இல் மாநிலங்களவை நிறைவேற்றிய திருத்தம், மக்களவை கலைந்ததால் காலாவதியானது. 1997இல் 156ஆவது அறிக்கை இருக்கட்டும் என்றது. 2008இல் 210ஆவது அறிக்கை மீண்டும் நீக்கச் சொன்னது. இடையில் 1986இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மனநோய்க்கு ஆளான ஒரு போலீஸ்காரரின் வழக்கில் 309 செல்லாது என்றது. மனைவிக்குக் காய்கறிக் கடை உரிமம் கேட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், அதிகாரியைப் பார்க்க விடாததால் அங்கேயே உயிரை விட முயன்றவர் அவர். 1994இல் ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் செல்லாது என்றார்கள். 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 309க்கு மறுபடி உயிர் கொடுத்தது. அந்தத் தீர்ப்பில் எனக்குள்ள வருத்தம் கேள்வியைப் பற்றியது. சாக உரிமை உண்டா என்பது தத்துவக் கேள்வி. உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் முயன்று பிழைத்தவரைச் சிறையில் வைக்கவேண்டும் என்று ஆகிவிடுமா? பசியோடிருக்க யாருக்கும் உரிமை தேவையில்லை. அதற்காகப் பட்டினி கிடப்பவரைத் தண்டிப்பதும் இல்லை.

இச்சட்டம் ஒரு மனிதரின் வாழ்வில் என்ன செய்யும் என்பதற்கு இரோம் சர்மிளாவைவிடப் பெரிய சான்று இல்லை. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் அவர் மணிப்பூரில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். தற்கொலை முயற்சி என்று கைது செய்தார்கள். அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. ஆண்டு முடிந்ததும் விடுதலை, நோன்பு தொடரும், மறுபடி அதே பிரிவில் கைது. மூக்கில் குழாயோடு, மருத்துவமனை வார்டே சிறையாக, 2016 ஆகஸ்ட் வரை இது நடந்தது. சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வாழத்தான் கேட்கிறேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் செய்ததற்கு அவர் வைத்த பெயர் நோன்பு. அரசு வைத்த பெயர் தற்கொலை. பதினாறு ஆண்டுகளாக எது செல்லவேண்டும் என்பதை அதிகாரம்தான் முடிவு செய்தது. 

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் முதல் முறையாக மொழியை மாற்றியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், வேறாக நிரூபித்தால் ஒழிய அவர்மீது வழக்கோ தண்டனையோ கூடாது என்றது 115ஆம் பிரிவு. சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்றும் சேர்த்தது. குற்றவாளி என்ற இடத்தில் நோயாளி வந்தார். ஆனால் 309 புத்தகத்திலேயே இருந்ததால் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவது முற்றாக நிற்கவில்லை. இன்றும் இந்தச் சாவுகளை நாட்டுக்குக் கணக்கெடுத்துத் தருவது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் என்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அதன் கணக்கில் 2022இல் இந்தியா முழுக்க 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இவை காவல்துறைப் பதிவேட்டுக்கு வந்த எண்கள். வயிற்றுவலி என்று எழுதி மூடியவை, விபத்து என்று மாறியவை இதில் எங்கே போய்ச் சேர்ந்தன? பயத்தால் மறைந்த முயற்சிகள் இன்னும் அதிகம். ஒருமுறை முயன்றவர் மறுமுறை முயலும் ஆபத்து மிக அதிகம் என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்வது. உதவி மிகவும் வேண்டியவர்களைத்தான் சட்டம் மருத்துவரிடமிருந்து ஒளிந்துகொள்ள வைத்தது.

ஊர்ப்பேச்சு சட்டத்தைவிட இரக்கமுள்ளது. "அவசரப்பட்டுட்டானே", "இப்படிப் பண்ணிக்கிட்டாளே" என்றுதான் துக்க வீட்டில் சொல்வார்கள். தற்கொலை என்ற சொல் அங்கே நுழையாது. யாழ்ப்பாணத்து நாளிதழ்களில் 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்ப்பு' என்ற தொடர் பழகிப்போனது. அதில் 'உயிர்மாய்ப்பு' நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். 'தவறான முடிவு' என்பது எனக்கு ஒப்பவில்லை. இறந்தவர் தலையில் இன்னொரு தீர்ப்பு எதற்கு? மறுபக்கம், அரசியல் மேடை 'தற்கொடை' என்று ஒரு சொல்லை உண்டாக்கியது. லகரத்தை டகரமாக்கிச் சாவைப் பரிசாக்கும் அந்தச் சொல் இன்னும் ஆபத்தானது. குற்றம் என்று சொல்லி ஒருவரைத் தள்ளுவதும், தியாகம் என்று சொல்லி ஒருவரை அழைப்பதும் அவருடைய வலியைக் கேட்காமல் விடுவதில் ஒன்றுதான். அதே சமயம் தற்கொலை என்ற சொல்லை வாயில் வரக்கூடாத சொல்லாக்கிவிடவும் கூடாது. மனம் உடைந்த ஒருவரிடம் "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டால்தான் பலர் வாய் திறக்கிறார்கள். செய்தியில் 'தற்கொலையால் இறந்தார்', 'உயிர் மாய்த்துக்கொண்டார்' என்று எழுதலாம். வீட்டில் நேராகவே கேட்கலாம்.

இப்போது மிச்சமிருப்பதைச் சொல்கிறேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 309ஐ விட்டுவிட்டு 226 என்று ஒரு பிரிவை வைத்திருக்கிறது. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தவோ செய்யவிடாமல் தடுக்கவோ ஒருவர் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூகச் சேவை. தமிழ்நாட்டில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் அலுவலக வாசலில் போலீஸ் ஏன் பைகளைச் சோதிக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு யாரைப் பிடிக்கும் என்பதும் தெரியும். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் தீராத ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உயிரை விட முயன்று இறந்துபோனது. அப்படி ஒரு நிலையில் பிழைத்து எழுகிறவருக்கு 226 கையில் வைத்திருப்பது வழக்கு. மனுவின் மீது நடவடிக்கை எடுக்காதவருக்கு அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி 1956இல் விருதுநகரில் 76 நாள் பட்டினி கிடந்து இறந்த சங்கரலிங்கனாரை நாம் தியாகி என்கிறோம். அரசைக் கட்டாயப்படுத்தவே அவர் உண்ணாமல் இருந்தார். 226இன் எழுத்தை அப்படியே எடுத்தால் அவருக்கும் அதற்குள் இடம் உண்டு.

அதே சன்ஹிதாவில் தற்கொலைக்குத் தூண்டியவரைத் தண்டிக்கும் பிரிவு 108 இருக்கட்டும். அங்கே உண்மையிலேயே இன்னொருவர் செய்த குற்றம் உண்டு. முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவு எந்த எண்ணிலும் எந்த நிபந்தனையோடும் வேண்டாம். 226ஐ நாடாளுமன்றம் நீக்கவேண்டும். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாரேனும் உயிரை வெறுத்துப் பேசினால் தனியாக விடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றினால் இப்போதே ஒருவரை அழையுங்கள்: தமிழ்நாடு அரசின் 104, டெலி மானஸ் 14416, சென்னை சினேகா 044-24640050. இந்த எண்களுக்குப் பேசினால் வழக்கு வராது.